மெத்தை டாக்டரின் காற்றுப் பை

என் அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு சொல் சொல்லு என்றால் மூன்று சட்டென்று வரும். சிரித்த முகம், வெளுத்த சட்டை, கணீர்க் குரல். நாலாவதுக்கு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தினமும் கும்பிடும்போது அவருக்காகவும் ஒரு வேண்டுதல் வைப்பேன். ‘ஆண்டவனே, அவருக்குப் புத்தியைக் கொடு’ என்பேன். உடனே, கொடுத்தால் அதையும் பொட்டலம் கட்டி விற்றுவிடுவாரே என்று பயம் வந்துவிடும்.

அவருடைய முதல் தொழில் மெத்தை. உள்ளே காந்தம் வைத்துத் தைத்த மெத்தை. படுத்தால் முதுகுவலி பறந்துவிடும் என்றார். கடை வாசலிலேயே ஒன்றை விரித்துப் போட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் படுக்க வைத்தார். மல்லாந்து படுத்திருக்கும் மனிதன் எப்படி எதிர்த்துப் பேசுவான்? வாங்கிப் போனார்கள். கொஞ்ச நாளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

“என்னங்க, முன்னைவிட அதிகமால்ல வலிக்குது?”

“வலி வெளிய வருதுங்க. வெளிய வர்றப்போ கதவைத் தட்டாம வருமா?”

அண்ணன் கற்ற வைத்தியம் மொத்தமும் இந்த ஒரு வரிதான். மெத்தைக்குப் பிறகு செம்புக் காப்பு விற்றார். காப்பு போட்டவருக்குக் கை அரித்தால் வாதம் வெளியே வருகிறது. அப்புறம் ஏதோ குழாயில் சுற்றி வந்த தண்ணீர் விற்றார். குடித்தவருக்கு வயிறு கலங்கினால் அழுக்கு வெளியே வருகிறது. தெருவில் அவருக்கு ‘மெத்தை டாக்டர்’ என்று பட்டம் கட்டினார்கள். வேறொருவராக இருந்தால் கூசிப் போயிருப்பார். அண்ணன் மெத்தையை உதறிவிட்டு டாக்டரை மட்டும் வைத்துக்கொண்டார்.

கடைசியாக அவர் கையில் கிடைத்தது காற்று. எங்கோ ஒரு கண்காட்சிக்குப் போனவர் ஒரு பெரிய பையோடு திரும்பி வந்தார். நீல நிறம், ஆள் நீளம், கூடாரத்தையும் தலையணை உறையையும் கலந்து தைத்தது போல ஒன்று. மேலே நீள ஜிப். முகத்துக்கு நேரே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் துண்டு. பக்கத்தில் ஹூம் என்று இரையும் இரண்டு பெட்டிகள். ஒன்று பைக்குள் காற்றை அடைக்கும், இன்னொன்று மூக்கு மூடி வழியாக ஆக்சிஜன் கொடுக்கும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மாடியில், முன்பு அழகு நிலையமாக இருந்த அறையைப் பிடித்தார். சுவரில் இன்னும் பழைய கண்ணாடிகள். வாசலில் புதுப் பலகை: முடி முளைக்கும், முகம் பொலியும், மூட்டு வலி தீரும், பேச்சு வராத பிள்ளை பேசும், சர்க்கரைப் புண் ஆறும், வயது குறையும்.

அண்ணிதான் அங்கே கூட்டுவது, துடைப்பது, பெட்டிகளை ஓட்டுவது, எல்லாம். அவர் வார்த்தையில் சொன்னால், “இவர் ஊதாத பலூன் இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு.”

முதலில் வந்து விழுந்தது படித்தவர்கள்தான். ஓய்வு பெற்ற பாங்க் மேனேஜர் ஒருவர் நாள் தவறாமல் வந்து பைக்குள் குறட்டை விட்டுவிட்டுப் போவார். வீட்டில் தூக்கம் வராதாம். அதற்கு அந்த மெத்தையே போதும், காற்று எதற்கு என்று அண்ணியிடம் கேட்டேன். “மெத்தை வாங்கி ஏமாந்தவரும் இவர்தான்” என்றார் அண்ணி.

ஏமாறுகிறவர்கள் ஏமாறட்டும் என்று இருந்திருப்பேன். என் வீட்டுக்காரர் காலில் புண் வந்தது.

அவர் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க நின்றே பிழைக்கிறவர். சர்க்கரை நோய் வந்து வருஷங்கள் ஆகின்றன. பாதத்தில் உணர்ச்சி மங்கிப்போனது அவருக்கே தெரியாது. ஷூவின் அடியில் ஓர் ஆணி மேலே கிளம்பி, சுண்டுவிரலுக்குக் கீழே குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மனிதர் அதன்மேல் நின்றே டிக்கெட் கொடுத்திருக்கிறார். வீட்டுத் தரையில் ரத்தக் கறையைப் பார்த்து, “எலியை மிதிச்சீங்களா?” என்றுதான் நான் கேட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே காலைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர். கெட்டுப்போன சதையை வெட்டிச் சுத்தம் செய்தார், மருந்து கொடுத்தார், காலுக்கு ரத்தம் எவ்வளவு போகிறது என்று சோதித்தார். அப்புறம் உட்கார வைத்துச் சொன்னார்.

“காலை ஊனக் கூடாது. சுகரைக் கட்டுக்குள்ள வைக்கணும். கட்டு நாங்க சொல்றப்போதான் மாத்தணும். இதுதான் முதல் வைத்தியம். இதுக்குப் பிறகும் புண் மெதுவா ஆறுச்சுன்னா, இங்கேயே அழுத்த ஆக்சிஜன் அறை இருக்கு, அதுலயும் உக்கார வைப்போம்.”

“அது என்னம்மா, அழுத்தம்?” என்றார் வீட்டுக்காரர்.

“சோடா பாட்டில்ல கேஸை அமுக்கித் தண்ணியில கரைக்கிறாங்கல்ல? கடலுக்குள்ள முப்பது நாப்பது அடி இறங்கினா எவ்வளவு அழுத்தம் இருக்குமோ, அவ்வளவு அந்த அறையில கொடுப்போம். அதுல நல்ல ஆக்சிஜனை இழுத்தா ரத்தத்துல நிறையக் கரையும், புண்ணு வரைக்கும் போய்ச் சேரும். கடல்ல முங்கி வேகமா மேல வந்து விழுந்தவங்க, மூடின அறையில புகையில மாட்டினவங்க, புற்றுநோய்க்குக் கதிர் வச்சு அந்த இடம் புண்ணானவங்க, இவங்களுக்கெல்லாம் கொடுக்கிறது. சில சர்க்கரைப் புண்ணுக்கும் உதவும். எல்லாத்துக்கும் இல்ல.”

இதையெல்லாம் அன்றைக்கே அண்ணனிடம் போனில் சொன்னது என் தப்பு. ‘எல்லாத்துக்கும் இல்ல’ என்பது அவர் காதுக்குள் நுழையாத வார்த்தை.

மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். சர்க்கரை நோயாளியைப் பார்க்க ஒரு பெட்டி இனிப்போடு.

“மாப்ள, ஊரெல்லாம் என்கிட்ட வருது, நீங்க ரெண்டு பஸ் மாறி அங்க போறீங்களா? அவங்க இரும்புத் தொட்டி, நம்மது மிருதுவான பை. காத்து ஒண்ணுதானே? காத்துக்கு ஏது ஜாதி?”

“இல்ல மச்சான், டாக்டரம்மா இன்னும் சொல்லல…”

“அவங்க எப்படிச் சொல்வாங்க? ஆறிட்டா அப்புறம் அவங்களுக்கு என்ன வேலை? உங்களுக்குக் காசும் வேணாம், ஒண்ணும் வேணாம். சொந்த மாப்ளைகிட்ட வாங்குவேனா?”

“அண்ணே, கட்டைப் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்றேன் நான்.

“புண்ணு மூச்சு விட வேணாமா? உன்னை மூட்டை கட்டி வச்சா நீ இருப்பியா?”

வீட்டுக்காரர் இளகின மனசு. வேண்டாம் என்றால் மச்சான் மனசு நோகும் என்று தலையாட்டிவிட்டார். மச்சான் மனசு நோகக் கூடாதாம், கால் நோகலாமாம். அதுவும் நோகாத கால்.

அண்ணன் கடை நடைமுறை இப்படி. வந்தவரை முதலில் எண்ணெய் தேய்த்து உருவுவார்கள். தலையிலும் உடம்பிலும் மினுமினு என்று எண்ணெய். அப்படியே பைக்குள் படுக்க வைப்பார்கள். பொழுது போக செல்போனையும் உள்ளே கொடுப்பார்கள். அறைக்குள் அமைதி வேண்டுமென்று, ஆக்சிஜன் பெட்டியின்மேலேயே வாசனை மெழுகுவர்த்தி ஒன்று ஏற்றி வைத்திருப்பார் அண்ணன். அதன் பக்கத்தில் கண்ணை மூடிக் கைகட்டி நிற்பார். பார்த்தால் எனக்கே ஒரு நிமிஷம் பக்தி வந்துவிடும். அவ்வளவு நல்ல நடிப்பு ஆண்டவன் சந்நிதியில்கூட யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு விதியும் உண்டு. வெறும் வயிற்றோடு வர வேண்டும். ஏன் என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பழைய தண்ணீர் வியாபாரத்தில் சொல்லிப் பழகிய வாய்.

சில வாரம் இப்படிப் போயிற்று. கட்டு இல்லாமல் புண் ‘மூச்சு விட்டது’. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதும் நின்றது. ஒரு காலை, வீட்டுக்காரர் வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், கிளம்பினார். நானும் கூடப் போனேன். எண்ணெய் தேய்த்தார்கள், பைக்குள் விட்டு ஜிப்பை இழுத்தார்கள். பை உப்பி விறைத்தது. அண்ணன் தன் செல்போனைத் தூக்கிப் பிடித்து, அதைப் பார்த்துச் சிரித்து, “இன்னைக்கு நம்ம சொந்தத் தங்கச்சி வீட்டுக்காரரே…” என்று வீடியோவுக்குப் பேச ஆரம்பித்தார்.

நான் பிளாஸ்டிக் துண்டு வழியாகப் பார்த்தேன். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை. உதடு வெளுத்திருந்தது. கைவிரல்கள் காற்றில் எதையோ கிழித்து நீட்டின, கிழித்து நீட்டின. டிக்கெட். காதை வைத்துக் கேட்டேன். “உள்ள தள்ளிப் போங்க… படியில நிக்காதீங்க… உள்ள தள்ளிப் போங்க…”

“அண்ணே! திற!”

“ஏன், என்ன?”

“பாரு, எப்படி வேர்த்துக் கொட்டுது! பேச்சு குழறுது!”

அண்ணன் குனிந்து பார்த்தார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு. செல்போனையும் அந்தப் பக்கம் திருப்பினார்.

“நச்சு வெளிய வருது, பாரு. இத்தனை நாளா வராதது இன்னைக்குத்தான் வருது.”

“நச்சு பஸ்ஸுக்குள்ளயா டிக்கெட் போடும்? திற அண்ணே!”

நான் போட்ட சத்தத்தில் அவர் ஜிப்பைப் பிடித்து இழுத்தார். காற்று அடைத்த பையின் ஜிப் நகருமா? இழுத்தார், முக்கினார், வெளுத்த சட்டை நனைந்தது. அதற்கும் ஏதாவது வெளியே வருகிறதோ என்னவோ. காற்றை முதலில் இறக்க வேண்டும் என்பது, ஊருக்கெல்லாம் காற்றைப் பற்றி வகுப்பு எடுத்தவருக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. அண்ணி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து, தலைமாட்டில் இருந்த திருகைத் திருப்பினார். புஸ்ஸென்று காற்று இறங்க இறங்க எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. விழுங்குகிற அளவுக்கு வீட்டுக்காரருக்கு நினைவு இருந்தது. “சுகர் எறங்கிடுச்சு” என்று அண்ணி தம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்.

கண் தெளிந்ததும் வீட்டுக்காரர் கேட்டது, “எந்த ஸ்டாப்பு இது?”

“கடைசி ஸ்டாப்பு. எறங்குங்க” என்றேன்.

நேரே பெரிய ஆஸ்பத்திரி. டாக்டரம்மா பாதத்தைப் பார்த்தார். சுண்டுவிரல் கறுத்திருந்தது. எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

“விரலை எடுத்தாகணும். பாதத்தைக் காப்பாத்தப் பாக்கலாம். வாக்குக் கொடுக்க மாட்டேன்.”

விரலை எடுத்தார்கள். சுத்தம், மருந்து, கட்டு, காலை ஊனாமல் சக்கர நாற்காலி. புண் கொஞ்சம் அடங்கியதும் அழுத்த அறைக்கு அனுப்பினார்கள்.

அந்த அறையை நான் பார்க்க வேண்டும் என்றுதான் ஆண்டவன் நினைத்தான் போலிருக்கிறது. இரும்பில் செய்த சின்ன பஸ் மாதிரி இருந்தது. வட்ட வட்டமாக ஜன்னல். உள்ளே இரண்டு பக்கமும் இருக்கை, ஒவ்வொருவர் தலைக்கும் ஒரு மூடி, கூடவே உட்கார ஒரு நர்ஸ். வெளியே கருவிகளைப் பார்த்தபடி ஒருவர் இடத்தை விட்டு நகராமல் இருந்தார். வாசலில் ஒரு சிஸ்டர். டிக்கெட் பரிசோதகர் கெட்டார், அப்படி ஒரு சோதனை.

“பாக்கெட்ல என்ன?”

“சீப்பு.”

“வெளிய வை. போன்? லைட்டர்? சரி. தலையில என்ன மினுமினுப்பு? எண்ணெயா?”

“லேசாத்தான் சிஸ்டர்…”

“லேசா எரியும்னு நெருப்பு சொல்லுமா? போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வா. நாங்க கொடுக்கிற பருத்தித் துணியைத்தான் போடணும். சாப்பிட்டியா? விரலை நீட்டு, சுகர் பாக்கணும். இதுக்குள்ள சுகர் எறங்கும், சாப்பிடாம வர்றவங்களை நான் ஏத்த மாட்டேன்.”

காதைப் பார்த்தார்கள், நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள். மலையில் பஸ் ஏறும்போது காது அடைப்பது போல அடைக்கும், எச்சிலை விழுங்கணும், வலித்தால் உடனே கை தூக்கணும், ரோஷப்படக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

அண்ணன் கடையில் எண்ணெய் தேய்த்ததையும், உள்ளே போன் கொடுத்ததையும், பெட்டிமேல் மெழுகுவர்த்தி எரிந்ததையும் அந்த சிஸ்டரிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார்.

“ஆக்சிஜன் கூடின இடத்துல எதுவும் எரியும்மா. துணி, முடி, எல்லாம். ஒரு பொறி போதும். அணைக்க நேரம் இருக்காது. உள்ள இருக்கிறவங்க வெளிய வர முடியாது” என்றார். “இன்னும் அப்படித்தான் நடத்துறாரா?” என்று கேட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. காலையிலேயே அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். “இதுவரைக்கும் எரிஞ்சிருக்கா? எரியலையே! அப்புறம் என்ன?” என்றார். அண்ணியிடம் சொன்னேன். அவர் மெழுகுவர்த்தியை ஒளித்து வைத்தார். அண்ணன் வேறு வாங்கி வந்தார்.

புண் மெதுவாக ஆறிற்று. அழுத்த அறை மட்டும் ஆற்றவில்லை. கத்தி, மருந்து, கட்டு, வாயைக் கட்டினது, எல்லாம் சேர்ந்துதான் பாதம் பிழைத்தது. வீட்டுக்கு வந்த பிறகு அண்ணன் பார்க்க வந்தார், மறுபடியும் இனிப்போடு. “கால் எப்படி ஆறியிருக்கு பாரேன்!” என்று ஆச்சரியப்பட்டு, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். தங்கை வீட்டுக்காரர் மேல் பாசம் என்று நினைத்தேன். முட்டாள்தனத்தில் நானும் அவர் கூடப் பிறந்தவள்தானே.

வீட்டுக்காரர் வேலைக்குத் திரும்பினார். பாதத்துக்கென்று செய்த ஷூ, உட்கார்ந்து டிக்கெட் கொடுக்க ஓர் இருக்கை. சில நாள் கழித்து மதியம், சாப்பாட்டுக்கு பஸ் நின்ற நேரத்தில் போன் செய்தார்.

“நீ கொஞ்சம் பஸ் ஸ்டாப்புக்கு வா. உங்க அண்ணன் கடையைப் பாரு.”

போய்ப் பார்த்தேன். மாடி முழுக்க ஒரு துணிப் பதாகை. இடப்பக்கம் யாருடையதோ அழுகிய பாதம், ‘முன்பு’. வலப்பக்கம் என் வீட்டுக்காரர் பாதம், ‘பின்பு’. தாலி கட்டின நாளிலிருந்து பார்க்கிற பாதம், எனக்குத் தெரியாதா? ஆனால் அதில் ஐந்து விரல் இருந்தது. எடுத்த சுண்டுவிரல் இருந்த இடத்தில் ஒரு விரலைக் கம்ப்யூட்டரில் ஒட்ட வைத்திருந்தார்கள். அதையும் ஒழுங்காகச் செய்தார்களா? கட்டைவிரலையே பிரதி எடுத்து ஒட்டிவிட்டார்கள். பாதத்துக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரல். ஆண்டவன் படைத்ததைத் திருத்த வந்த லட்சணம்.

நாங்கள் மாடி ஏறினோம். காத்திருக்கும் பெஞ்சில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வலது காலில் துணி சுற்றியிருந்தது. அதே வாடை. எனக்குத் தெரிந்த வாடை. ஆக்சிஜன் பெட்டிமேல் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. பைக்குள் பாங்க் மேனேஜர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க மாப்ள!” என்று அண்ணன் கையை விரித்தார். “அம்மா, இவர்தான். பதாகையில இருக்கிற கால் இவரோடதுதான்!”

வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, காலை அந்த அம்மாளுக்கு எதிரே நீட்டினார்.

“எண்ணிப் பாருங்கம்மா.”

அம்மாள் எண்ணினார். “நாலுதான் இருக்கு.”

“இது இங்க ஆறின கால் இல்லம்மா. இங்க வந்ததால ஒரு விரல் போன கால்.”

“மாப்ள! விரல் போனது உங்க சுகரால!”

“சரி மச்சான், ஒத்துக்கிறேன். படத்துல திரும்பி வந்துச்சே, அது எதால?”

அண்ணன் பதாகை தொங்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் போய் மெழுகுவர்த்தித் திரியை எச்சில் தொட்ட விரலால் நசுக்கினேன். அண்ணி எழுந்து வந்து திருகைத் திருப்பிக் காற்றை இறக்கினார். மேனேஜர் விழித்துக்கொண்டு, “அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?” என்றார்.

“முடிஞ்சிருச்சு சார். வீட்டுல போய்த் தூங்குங்க” என்றார் அண்ணி.

“குடும்ப மானத்தை நடுக்கடையில வச்சு வாங்கிட்டியே” என்றார் அண்ணன் என்னைப் பார்த்து.

“நம்ம மானம் மேல தொங்குது அண்ணே, ரெண்டு கட்டைவிரலோட. அதை முதல்ல இறக்கு.”

அந்த அம்மாள் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். யாரும் சொல்லவில்லை. படியிறங்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். கீழே வீட்டுக்காரரின் பஸ் நின்றது. பெரிய ஆஸ்பத்திரி வழியாகப் போகிற பஸ்.

“மெதுவா ஏறுங்கம்மா. அந்தக் காலைக் கீழ ஊனாதீங்க. என் சீட்டுல உக்காந்து நீட்டிக்குங்க” என்றார் வீட்டுக்காரர். “காலையில சாப்பிட்டீங்களா?”

“இல்லப்பா. வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க.”

அவர் தன் சாப்பாட்டுப் பையை எடுத்து அந்த அம்மாள் மடியில் வைத்துவிட்டு, விசிலை ஊதினார்.